மலையில் பயிர் இல்லை

மாகாணத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றரைப் பக்கம். காணிப் பயன்பாடு, நிவாரணக் கொடுப்பனவு, விவசாயம் ஆகியவற்றில் சட்டம் போட்டுத் தீர்க்க வேண்டிய விடயங்கள் ஐந்தை, எது முதல் எது பிறகு என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பிரதேச சபையும் மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும். ஐந்துதான். ஆறாவதை எழுதினால் பார்க்கமாட்டோம் என்பதை மரியாதையான வார்த்தையில் எழுதியிருந்தார்கள். மாகாண சபைக்குத் தேர்தல் நடந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. உறுப்பினர் ஒருத்தரும் இல்லாத சபைக்கு எங்கள் சபை ஏன் பட்டியல் எழுத வேண்டும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. அதிகாரிகள் இருக்கிறார்கள், கடிதம் வருகிறது, வந்தால் பதில் போக வேண்டும்.

என் பெயர் செசிலியா. சொந்த ஊர் இளவாலை, கண்டிக்கு வந்து இருபத்திரண்டு வருடம். பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பக்கத்துக் கட்டடம்தான் பிரதேச சபை. சபையில் மொழிபெயர்ப்பாளரின் கதிரை ஆறு வருடமாக வெறுமையாகக் கிடப்பதால், கூட்ட நாட்களில் என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் தந்துவிடுவார்கள். சிங்களத்தில் சொன்னதைத் தமிழிலும் தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும் நான் சொல்ல வேண்டும். அதற்குச் சம்பளம் கிடையாது. பத்தரைக்கு ஒரு தேத்தண்ணியும் ஒரு ரோல்ஸும் உண்டு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன கார்த்திகை மழைக்குப் பிறகு எனக்கு ஒன்றும் உறைப்பதில்லை. மலைகள் சரிந்த அந்த இரண்டு கிழமையும் நான் பெயர் எழுதினேன். இறந்தவர், காணாமல் போனவர், வீடு முழுதாகப் போனது, பாதி போனது என்று நான்கு நிரல். மூன்றாம் நாள்வரை அழுதேன். நான்காம் நாள் ஒரு மனிதர் தன் மனைவியின் அடையாள அட்டை இலக்கத்தைப் பாராமல் சொன்னார். நான் அதை எழுதிவிட்டு, "அடுத்த ஆள்" என்றேன். அதோடு நின்றது. அழுகை இல்லை, கோபம்கூட அரைகுறையாகத்தான் வருகிறது. "அம்மா, நீங்கள் சிரிச்சுக் கனநாள்" என்கிறாள் மகள் லதுஷா. சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

பட்டியலுக்கு உறுப்பினர்கள் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். சரிவில் வீடு கட்டத் தடை, மழையில் வீடு போனவர்களுக்கு மாற்றுக் காணி, கொடுப்பனவு நின்றுபோன முதியவர்கள், காட்டுப்பன்றி, குரங்கு. குரங்கு எல்லோருடைய தாளிலும் இருந்தது. றிஸானா கொண்டுவந்தது பெல்மோர் தோட்டத்து மலையை.

றிஸானா எங்கள் சபையின் பெண் உறுப்பினர்களில் ஒருத்தி. கலஹா வீதியில் தையல் கடை வைத்திருக்கிறாள். முதல் தடவையாக வென்றவள், அதனால் இன்னும் நம்பிக்கை போகவில்லை. பெல்மோர் அவளுடைய வட்டாரம். அந்தத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே பதினொரு ஏக்கர் தேயிலையைக் கம்பனி எப்போதோ கைவிட்டுவிட்டது. முப்பத்தெட்டுக் குடும்பங்கள் அந்தக் காட்டை வெட்டி, கல் அடுக்கி, பாத்தி கட்டி, போஞ்சியும் கோவாவும் லீக்ஸும் என்று மரக்கறி போடுகின்றன. தோட்டச் சம்பளத்தில் அரை வயிறு நிறையும், மீதி அரை வயிறு அந்த மலை. ஆனால் காகிதத்தில் அவர்களுக்கு அங்கே ஒரு சாண் நிலம் கிடையாது. இப்போது அதைப் 'பயன்படாத காணி' என்று சேர்த்து, யாரோ ஏற்றுமதிக்காரருக்குக் குத்தகைக்கு விடப் போகிறார்களாம். ஆனைக்கொய்யா நடுவார்களாம். ஏற்கெனவே பயிர்செய்யப்படும் காணி என்று ஏற்றுக்கொண்டால் மட்டும் தொடமாட்டார்கள், செய்கிறவர்களுக்கே குத்தகை எழுதலாம். அதற்கு அந்த விடயம் எங்கள் ஐந்தில் ஒன்றாக மாகாணத்துக்குப் போக வேண்டும்.

"செசிலியா மிஸ், இத நாலாவதா சரி போட்டுருங்க," என்றாள் றிஸானா. "அஞ்சாவதுக்கு வாற நேரம் அவங்களுக்குத் தூக்கம் வந்துரும்."

நாலாவதாகத் தட்டினேன். குரங்கு ஐந்தாவதாகப் போனது.

பட்டியலை முடிவாக்கும் சபைக் கூட்டத்துக்கு ஏழு நாள் இருக்கும்போது இரண்டாவது கடிதம் வந்தது. ஒவ்வொரு விடயத்துக்கும் பிரதேச செயலகத்தின் பதிவிலிருந்து தரவு இணைக்க வேண்டும், மாகாணத்திலிருந்து ஒரு காணி அதிகாரி நேரில் வந்து சரிபார்ப்பார் என்றது. நான் அலுமாரியைத் திறந்து பெல்மோர் கோப்பை எடுத்தேன். குடும்ப விபரம், வருமானம், பயிர் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது அஸ்வெசுமக் கணக்கெடுப்புப் படிவத்தில்தான். முப்பத்தெட்டுப் படிவம். 'குடும்பம் பயிர்செய்யும் காணி' என்ற கேள்விக்கு நேரே முதலாவதில் 'இல்லை'. இரண்டாவதில் 'இல்லை'. நான் ஒவ்வொன்றாகக் கடைசிவரை புரட்டினேன்.

கையெழுத்து யாருடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை. இளவாலைக் கன்னியாஸ்திரிமார் அடிமட்டக் கோலால் விரலில் அடித்துத் திருத்திய என் கையெழுத்து.

அஸ்வெசும என்பது வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் போடும் கொடுப்பனவு. அந்தக் கணக்கெடுப்புக்குத்தான் நான் பெல்மோருக்கு முதன்முதல் போனேன், மூன்று வருடத்துக்கு முன். வீட்டில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துப் பெயரை வெட்டுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் போன அன்று காலை கீழ்ப்பிரிவு லயத்திலிருந்த டீவி, சோறு அவிக்கும் கரண்ட் சட்டி, மடக்குக் கதிரை எல்லாம் புள்ளக்காம்பராவுக்குள் போய்விட்டன. பகலில் பிள்ளைகளைப் பார்க்கும் அந்த அறைக்குள் நான் எட்டிப் பார்த்தபோது, பதினேழு டீவிக்கு நடுவில் நாலு குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அப்போது எனக்குச் சிரிப்பு வரும்.

ஒன்றையும் ஒளிக்காத ஒரே வீடு பொன்னையாவுடையது. தோட்டத்தில் வேலைசெய்து ஓய்ந்த மனிதர், கோயில் காரியங்களுக்கும் தோட்டத்துத் தொரையோடு பேசுவதற்கும் அந்த லயம் அவரைத்தான் முன்னால் தள்ளும். எனக்கு மூக்குப்பேணியில் பிளேன்டீ தந்துவிட்டு எதிரில் நின்றார். பயிர்க் கேள்விக்கு வந்தேன்.

"ஆமாங்க மிஸ், மேல அர ஏக்கரு இருக்குங்க. போஞ்சி போட்டிருக்கேன். நல்லா காய்க்குது."

பேனாவை மூடினேன். "ஐயா, இதை எழுதினா உங்கட பேர் வெட்டுப்படும்."

"அப்ப என்னங்க செய்றது?"

"இல்லை எண்டு சொல்லுங்கோ."

அவர் தலையைச் சொறிந்தார். "பொய் சொல்றதுங்களா மிஸ்?"

"என்ன பொய்? காணி உங்கட பேரில இல்லைத்தானே. நாளைக்கு வந்து எழும்பு எண்டா எழும்பத்தானே வேணும். அதை எப்பிடி உங்கட காணி எண்டு எழுதிறது?"

அவருக்கு அது சரியாகப் பட்டது. எனக்கு அதைவிடச் சரியாகப் பட்டது. அன்று முப்பத்தெட்டு வீட்டிலும் நானே 'இல்லை' எழுதினேன். அதோடு விட்டேனா? வாசலில் எல்லோரையும் கூட்டிவைத்து வகுப்பும் எடுத்தேன். "ஆர் வந்து கேட்டாலும் மலையில பயிர் செய்யிறம் எண்டு சொல்லாதேயுங்கோ. கிராம சேவகர் கேட்டாலும் இல்லை. பெரிய இடத்தில இருந்து கேட்டாலும் இல்லை. பிறகு நானே வந்து கேட்டாலும் இல்லைதான். சிலவேளை சோதிச்சுப் பாக்க அனுப்புவினம்." எல்லோரும் சிரித்தார்கள். பொன்னையா மட்டும் சிரிக்காமல், படிக்கிற பிள்ளை மாதிரி வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் கொடுப்பனவு கிடைத்தது. ஒவ்வொரு போஞ்சி அறுவடைக்கும் கலஹா பஸ் கண்டக்டரிடம் எனக்கு ஒரு உரப்பை வரும். அலுவலகத்தில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பேன். சட்டம் தெரிந்த கெட்டிக்காரி என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். படித்த திமிர், வேறென்ன.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிப் போனது. கோப்பை மூடி அலுமாரிக்குள் வைத்தேன். பயம் வர வேண்டும். ஒன்றும் இல்லை. மதியச் சாப்பாட்டைத் திறந்து சாப்பிட்டேன். பருப்பில் உப்புக் குறைவு என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

பின்னேரம் றிஸானாவின் கடைக்குப் போனேன். அவள் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். மெஷினை நிறுத்தினாள்.

"அல்லாஹ்வே! நீங்களா எழுதின?"

"ஓம்."

"முப்பத்தெட்டும்?"

"ஓம்."

"எனக்கு இப்ப ஒங்கள ஏசுறதா, கும்பிடுறதா எண்டு வெளங்கல்ல மிஸ்." நெற்றியில் கையை வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். "சரி, கடதாசிய விட ஆள் பெருசு. பொன்னையாவையும் இன்னும் நாலஞ்சு பேரையும் நான் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வாறேன். பொதுமக்கள் எடத்துல ஈக்கட்டும். நான் தவிசாளர்ட்ட சொல்லிக் கேக்க வெப்பேன். அவங்க எழும்பி, நாங்கதான் செய்றோம் எண்டு சொன்னா, ஒங்கட கடதாசி என்னத்துக்கு?"

"அஸ்வெசும வெட்டுப்பட்டா?"

"வெட்டுப்பட்டா அப்பீல் போடலாம். மல கைய விட்டுப் போனா யாருக்கு அப்பீல் போடுற?" அவள் என்னைப் பார்த்த விதம் மாறியது. "ஒங்கட தொழில் மிஸ்? பொய்யா எழுதினண்டு வருமே?"

"வந்தா வரட்டும்," என்றேன். சொல்லும்போது பெரிய தைரியசாலி மாதிரித்தான் இருந்தது. "அவையள் முதல்ல உண்மையைச் சொல்லட்டும். பொன்னையாவோட நான் கதைக்கிறன். இல்லையெண்டு சொல்லப் பழக்கினது நான்தானே."

நான்தான் அப்படிச் சொன்னேன். றிஸானா அதை நம்பினாள்.

கூட்டத்துக்கு ஆறு நாள் இருந்தது. முதல் நாள் பொன்னையாவின் எண்ணை எடுத்தேன், அழுத்தவில்லை. போனில் என்னவென்று சொல்வது? ஐயா, அன்றைக்கு நான் சொன்னது பிழை, இப்போது மாற்றிச் சொல்லுங்கள் என்றா? அவர் பஸ்ஸிலோ கடையிலோ நின்று கேட்டுக்கொண்டிருப்பார், காது கொஞ்சம் மந்தம், நான் சொன்னதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். இரண்டாம் நாள், நேரில் போகலாம் என்று நினைத்தேன். கண்டியிலிருந்து கலஹா பஸ் பிடித்து, அங்கிருந்து ஓட்டோ எடுத்து ஏற வேண்டும். லதுஷாவுக்கு வகுப்பு இருந்தது. மூன்றாம் நாள் ஒரு காரணமும் இல்லை, போகவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்பது வருடம். விசாரணையில் 'உங்களை மாற்றிச் சொல்லச் சொன்னது யார்' என்று கேட்டால், பொன்னையா என் பெயரைச் சொல்லாமல் இருப்பது நல்லது என்று என் மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டது. இன்னொரு மூலை அதற்கு ஒத்து ஊதியது: சொல்ல என்ன இருக்கிறது, நகத்தில் மண்ணோடு வரப்போகிற மனிதரிடம் சபை நடுவில் 'நீ பயிர் செய்கிறாயா' என்று கேட்டால் ஓம் என்றுதானே சொல்வார்? நான் ஏன் நடுவில் போக வேண்டும்? அப்படியே ஆறு நாளும் போயின. பயம் என்றால் பயமாக ஏறாது, சோம்பல் மாதிரித்தான் வந்து உட்காரும்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். பொதுமக்கள் உட்காரும் வாங்கில் பொன்னையா இருந்தார். வெள்ளைச் சேர்ட், தலையில் எண்ணெய், பக்கத்தில் நாலு பேர், அதில் இரண்டு பெண்கள். என்னைக் கண்டதும் பொன்னையா பாதி எழும்பிக் கும்பிட்டார். நானும் கையெடுத்தேன். அப்போதாவது இரண்டு அடி நடந்து போய்க் காதில் சொல்லியிருக்கலாம். சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் மணியை அடித்துவிட்டார்.

மாகாணத்திலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர். மடிக்கணினியைத் திறந்துவைத்து, ஒவ்வொரு விடயத்துக்கும் தரவைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டார். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். முதல் மூன்றும் சிக்கல் இல்லாமல் போயின. நாலாவதுக்கு வந்ததும் என் கோப்பின் பிரதியைப் புரட்டினார்.

"உங்கள் பிரதேச செயலகப் பதிவின்படி அந்தப் பிரிவில் ஒரு குடும்பமும் பயிர்ச்செய்கை செய்யவில்லையே," என்றார் சிங்களத்தில். "முப்பத்தெட்டும் இல்லை என்றுதான் இருக்கிறது. பயிரே இல்லாத இடத்தைப் பயிர்நிலம் என்று நான் எப்படிக் கொண்டுபோவது?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை. யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை.

றிஸானா எழும்பினாள். அவளுடைய சிங்களம் என்னுடையதை விடச் சுத்தம். அந்த மக்கள் இங்கேயே வந்திருக்கிறார்கள், பயிர் செய்கிறவர்களிடமே கேளுங்கள் என்றாள். தவிசாளர் தலையாட்டினார். வாங்கைப் பார்த்துச் சபைச் சிங்களத்தில் நீளமாக ஒரு கேள்வி கேட்டார். பொன்னையாவுக்குச் சந்தைச் சிங்களம் ஓடும், இது அப்படியில்லை. அவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"ஐயா, பெல்மோர் கீழ்ப்பிரிவுக்கு மேல இருக்கிற மலையில நீங்கள் ஆராவது பயிர் செய்யிறீங்களோ எண்டு தவிசாளர் கேக்கிறார்."

பொன்னையா எழும்பினார். சேர்ட்டை இழுத்துவிட்டார். என் முகத்தையே பார்த்தார். பிறகு, தெளிவாக, சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"இல்லைங்க. யாரும் செய்யலைங்க."

றிஸானாவின் வாய் திறந்தது. சிங்கள உறுப்பினர்கள் என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்கள். மைக் என் கையில். இருபத்திரண்டு வருடத்தில் சொல்லாத ஒன்றை நான் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். 'அவர் சொல்வது நான் சொல்லிக்கொடுத்தது.' இவ்வளவுதான், ஒரு வசனம், எந்த மொழியிலும் கஷ்டமில்லை.

"நெஹெ," என்றேன் சிங்களத்தில். "கவுருத் நெஹெ." இல்லை, யாருமில்லை.

"ஐயா!" றிஸானா தமிழில் கத்தினாள். "பயப்படாதீங்க ஐயா! உள்ளதச் சொல்லுங்க! நீங்கதானே போஞ்சி போட்டீக்கிற, ஒங்களுக்கு என்ன ஆச்சு?"

தவிசாளர் மணியை அடித்தார். சாட்சிக்குப் பதில் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றார். நியாயமான மனிதர், அதனால் இன்னொரு தரம் கேட்கச் சொன்னார். நான் இன்னொரு தரம் கேட்டேன். அதே சொற்கள், அதே குரல். பொன்னையா றிஸானாவைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். நான் தலையை இலேசாக ஆட்டியிருந்தால் போதும், கண்ணை ஒருதரம் மூடித் திறந்திருந்தால் போதும். முகத்தில் ஏதாவது அசைய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. முகம் என்னுடையதாக இருக்கவில்லை, கல்லாகக் கிடந்தது. வெட்கம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் அது எங்கோ உள்ளே, அடுத்த வீட்டில் யாரோ சண்டை பிடிக்கிற சத்தம் மாதிரிக் கேட்டது.

"அங்க ஒண்ணுமே இல்லைங்க," என்றார் பொன்னையா, இந்தத் தரம் இன்னும் உறுதியாக. "வெறும் காடுங்க. பன்னிதான் திரியுது. நாங்க அந்தப் பக்கமே போறதில்லைங்க."

"ஆமாங்க, காடுதாங்க," என்றார்கள் மற்ற நாலு பேரும்.

மொழிபெயர்த்தேன். காடு, பன்றி, அந்தப் பக்கம் போவதில்லை. அதிகாரி மெதுவாகத் தட்டெழுதினார். தவிசாளர் மன்னிப்புக் கேட்பதுபோல் றிஸானாவைப் பார்த்துவிட்டு, நாலாவது நீக்கப்படுகிறது என்றார். குரங்கு நாலாவதாக ஏறியது. ஐந்தாவதாக, வாராந்தச் சந்தைப் பக்கத்து வயலை வாகனத் தரிப்பிடமாக மாற்ற அனுமதி என்று யாரோ சொன்னார்கள். யாரும் எதிர்க்கவில்லை. தேத்தண்ணி வந்தது.

றிஸானா என் மேசைக்கு வந்தாள். கையில் பை இருந்தது.

"நீங்க கதைக்கல்ல," என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

"இல்லை."

"ஒரு போன் கோல், மிஸ். ஒரே ஒரு கோல்." அவள் கண் நிறைந்துவிட்டது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் முக்காட்டை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாங்குப் பக்கம் திரும்பாமல், பின்வாசலால் போய்விட்டாள். அந்த ஐந்து பேரின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. எனக்கு முடிந்தது, நான் வெளியே போனேன்.

பஸ் தரிப்பிடத்தில் அவர்கள் நின்றார்கள். பொன்னையாவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. மகளுடைய கல்யாணத்தை முடித்துவைத்த மனிதர் மாதிரி நின்றார்.

"மிஸ், தப்பில்லாம சொன்னேனுங்களா?"

நான் பஸ் வரும் பக்கம் பார்த்தேன்.

"ரெண்டு தரம் மடக்கிப் பாத்தாங்க, பாத்தீங்களா? றிஸானா தங்கச்சி பாவம், அதுக்குத் தெரியாது, சத்தம் போட்டுருச்சு. எனக்கே ஒரு நிமிசம் ஆடிப்போச்சுங்க. உள்ளதச் சொல்லணுமோன்னு தோணுச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் ஒங்க மொகத்தப் பாத்தேன். நீங்க ஒண்ணுமே காட்டிக்காம அப்படியே இருந்தீங்க பாருங்க. சரி, மிஸ் அன்னைக்குச் சொன்ன சோதன இதுதான்னு புரிஞ்சுக்கிட்டேன்."

பக்கத்தில் நின்ற பெண், "மாமா நல்லா சமாளிச்சிட்டாருங்க மிஸ்," என்றாள்.

"அஸ்வெசும இனித் தப்பிச்சிருங்கல்ல?" என்றார் பொன்னையா.

"ஓம் ஐயா," என்றேன். அது உண்மைதான்.

"அப்ப மல விசயம் எப்பங்க எழுதிக் குடுப்பாங்க? றிஸானா தங்கச்சி இன்னைக்கு முடிஞ்சிரும்னு சொல்லித்தான் கூட்டிக்கிட்டு வந்துச்சு. மேல கல்லு கட்ட ஆள் சொல்லியிருக்கேன். நம்ம கைக்குக் கடுதாசி வந்தப்புறம் கட்டுனா நல்லதுன்னு பாக்குறேன்."

கலஹா பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "கலஹா, கலஹா" என்று கூவினான். அந்த நாலு பேரும் ஏறினார்கள். பொன்னையா ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடிதம் வரும் ஐயா," என்றேன்.

"கடுதாசி வருமாம்!" என்று அவர் உள்ளே திரும்பிச் சொன்னார். உள்ளேயிருந்து எல்லோரும் ஜன்னலால் என்னைக் கும்பிட்டார்கள். பஸ் போன பிறகு நான் அலுவலகத்துக்குத் திரும்பி, கணினியைப் போட்டு, பெல்மோர் கீழ்ப்பிரிவு மக்களுக்கு என்று மேலே எழுதினேன். மலை விடயம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதை அறிவிக்கும் அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுத வேண்டியவளும் நான்தான்.